தண்டல் லாசரின் ரீலைப் பங்கு போட்ட கதை

நண்டுமுனைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்துவிடுவார்கள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் வேலையே சொல்லாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஒரு வருசம் அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்து, "காத்து பலமா இருக்கு, நான் மறுபடி வந்து சொல்ற வரைக்கும் யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், மறுநாளே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. நாற்பது நாள் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஊர் மொத்தமும் கரையில் உட்கார்ந்து கருவாடு தின்றது.

அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்தவன் இஞ்ஞாசி. வயது முப்பத்திரண்டு. நல்ல பையன், ஒரு வம்புதும்புக்குப் போகமாட்டான். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ரெஜினாவைக் கட்ட வேண்டும். ரெஜினா கடற்கரையோரத்து அங்கன்வாடியில் டீச்சர். இருபத்திரண்டு குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். அவளுக்கும் இவன் மேல் பிரியம்தான். "இருபத்திமூணாவதா இதையும் மேய்ச்சுட்டுப் போறேன்" என்று தோழியிடம் சொல்லியிருந்தாளாம்.

குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா, தண்டல் லாசர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். பாய் கட்டிய தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். கொழும்பையே பார்த்தவர் என்பதால் நண்டுமுனையில் அவரை விட்டால் புத்திசாலி கிடையாது என்று பேச்சு. ஊர்ப் பேச்சைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு தூண்டில் ரீல் இருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார மாலுமி கருப்பட்டி ருசி பிடித்துப்போய், ஒரு சிப்பம் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொடுத்தது. பித்தளையும் இரும்புமாகக் கனமான சாமான். கைப்பிடியைச் சுற்றினால் கிர்ர்ர் என்று தூண்டில் நரம்பைச் சுருட்டும். நாற்பது வருசம் அப்படிச் சுருட்டியது. இப்போது கொஞ்ச நாளாக, சுற்றினால் நடுவில் 'கடக்' என்று வழுக்குகிறது. மீன் இழுத்தால் பிடி நிற்கவில்லை. உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூத்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறும் முன் லாசர் இஞ்ஞாசியைக் கூப்பிட்டார். அவன் சாட்சிக்குத் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனான். வியாகுலம் அண்ணன் வயதில் மூத்தவர். யோசிக்கிற பொறுப்பு அவருடையது. தொம்மைக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. தூக்கிச் சுமக்கிற பொறுப்பு அவனுடையது. சூசைக்குக் கேள்வி கேட்கிற பொறுப்பு.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றார் லாசர். "ரீலக் கழட்டும்போது ஒரு பொட்டு மண்ணு உள்ள போகக் கூடாது. கழட்டின பாகத்துல ஒண்ணு கூடக் காணாமப் போகக் கூடாது. தேய்ஞ்சத மட்டும் எடு, தேயாததுல கை படக் கூடாது. தேய்ஞ்சதப் பட்டறையில குடுத்து அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கு. எல்லாம் மாட்டி முடிச்சதும் அசையுற இடத்துல எல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் விடு."

"மாட்டி முடிச்சா?" என்று சூசை கேட்டான்.

"ஞாயித்துக்கிழம திருவிழா. காலப் பூசை முடிஞ்சதும் நான் கரையில நின்னு தூண்டில் வீசுவேன். இந்த ரீல்ல மாட்டின மீனு கரை ஏறணும். ஏறிட்டா அடுத்த வாரமே ரெஜினாவுக்கும் இவனுக்கும் முதல் ஓலை வாசிக்கச் சொல்லிருவேன். ஏறலன்னா அன்னைக்குச் சாயங்காலம் தெக்க இருந்து ஒரு மாப்பிள்ள வீடு வருது. பையன் கப்பல் கம்பெனியில வேல. அவங்களுக்குக் காப்பியக் குடுத்துப் பேச்ச முடிச்சிர வேண்டியதுதான்."

ஓலை என்பது கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசித்துவிட்டால் பிறகு தாலிதான். இஞ்ஞாசி இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். ரீலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சொன்னபடி செஞ்சிருதேன் மாமா" என்றான். அவன் மட்டும் சொன்னபடி செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமை காலையில் நான்கு பேரும் கூடினார்கள். முதல் சிக்கல் மண். நண்டுமுனையில் மண் இல்லாத இடம் ஏது? வீட்டுக்குள் மண், சோற்றில் மண், தலைமுடியில் மண்.

வியாகுலம் அண்ணன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "கடல்லதான் மண்ணு கிடையாது. வள்ளத்துல போயி நடுக்கடல்ல வச்சுக் கழட்டுவோம்."

"கடலுக்கு அடியில மண்ணுதானண்ணே?" என்றான் சூசை.

"அது நனைஞ்ச மண்ணு. பறக்காது."

இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் வள்ளத்தில் ஏறுகிற கால்களில் மண் இருக்கிறதே. அதனால் தொம்மை ஒவ்வொருவரையும் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து, காலைக் கழுவிவிட்டு வள்ளத்தில் உட்கார வைத்தான். மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். தொம்மையைத் தூக்க ஆளில்லை. தொம்மை கரையிலேயே பரிதாபமாக நின்றான். அவனை அப்படி விட மனசு வராமல் மூன்று பேரும் இறங்கிக் கரைக்குப் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வள்ளத்தில் வைத்தார்கள். இப்போது மூன்று பேர் காலிலும் மண். தொம்மை இறங்கி வந்து மறுபடி ஒவ்வொருவராகத் தூக்கினான். இது நான்கு தடவை நடந்தது.

அங்கன்வாடி வாசலில் நின்று பிள்ளைகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆளாளுக்குக் கடல்ல கால ஆட்டிக் கழுவிட்டு ஏறுங்களேன்" என்று கத்தினாள்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிச்ச பிள்ள" என்றார் வியாகுலம் அண்ணன். இஞ்ஞாசிக்குப் பெருமை தாங்கவில்லை.

நடுக்கடலில் நங்கூரம் போட்டு ஒரு வேட்டியை விரித்தார்கள். அடுத்த சிக்கல், தேயாத பாகத்தில் கை படக் கூடாது. எது தேய்ந்தது எது தேயாதது என்று பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்? அதற்கும் வழி இருந்தது. ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டார்கள். பை மாட்டின கையால் கடுகளவு திருகாணியைப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். காலையில் தொடங்கிய வேலை உச்சி வெயிலில்தான் முடிந்தது. ஆனால் ஒன்று கூடக் கடலில் விழவில்லை. இஞ்ஞாசி எண்ணினான். மொத்தம் இருபத்திமூன்று பாகம்.

அதில் கைப்பிடியோடு சேர்ந்து சுற்றுகிற பித்தளைச் சக்கரம் ஒன்று. அதன் ஓரத்தில் வரிசையாகப் பற்கள், ஒரு பக்கம் மட்டும் ஆறு பற்கள் மழுங்கி வழுவழுவென்று கிடந்தன. வழுக்கியது அங்கேதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இவர்களும் அரைமணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்.

இதுவரைக்கும் பழுதில்லை. கரைக்கு வந்து வள்ளத்தை ஏற்றிய பிறகுதான் வந்தது வினை.

நண்டுமுனையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தில் இருந்து என்ன இறங்கினாலும் கரையிலேயே வைத்துப் பங்கு போட வேண்டும். போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, மிச்சம் விழுவது கோயிலுக்கு. பாட்டன் காலத்தில் இருந்து யாரும் மீறியதில்லை. வேட்டியைக் கரையில் விரித்ததும் தொம்மை, "பங்கு போடுவோமா?" என்றான்.

இஞ்ஞாசி வேட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, இது மீனில்லியே."

"வள்ளத்துல இருந்துதானே இறங்குச்சு?"

"மாமா ஒண்ணுகூடக் காணாமப் போகக் கூடாதுன்னு சொன்னாரே."

வியாகுலம் அண்ணன் கையை உயர்த்தினார். "அதுக்குத்தாம்லே பங்கு. மொத்தமா ஒருத்தன் வீட்டுல இருந்தா ஒருநாள் மொத்தமாப் போயிரும். ஆளுக்கு நாலு இருந்தா? தன் பங்க எவனாவது தொலைப்பானா?"

இஞ்ஞாசி வேட்டி முனையை விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். நான்கு ஆளுக்கும் வள்ளத்துக்குமாக ஐந்து குவியல், குவியலுக்கு நான்கு. மிச்சம் மூன்று. ஒருவன் ஈர்க்குச்சி, ஒருவன் சிப்பி, ஒருவன் பீடித்துண்டு, ஒருவன் செருப்பு வார் என்று ஆளுக்கொரு அடையாளம் கொடுத்தார்கள். அந்த வழியாக வந்த ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு குவியலுக்கு ஒன்றாக அவற்றை வைத்தார், அடையாளம் விழாத குவியல் வள்ளத்துக்கு. இஞ்ஞாசிக்குக் கைப்பிடியும், இரண்டு வாசரும், ஒரு திருகாணியும் விழுந்தன. தேய்ந்த சக்கரம் சூசைக்கு விழுந்தது. ரீலின் உடம்பு வள்ளத்தின் பங்கு, அதாவது தொம்மைக்கு.

கோயிலுக்கு விழுந்த மூன்று, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற ஒரு சின்னக் கொக்கி, அதைத் தள்ளிப் பிடிக்கிற ஸ்பிரிங், அதற்கு ஒரு திருகாணி. வியாகுலம் அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்தியோடு போய்ச் சந்தியாகப்பர் கோயில் உண்டியலில் மூன்றையும் போட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை டவுனுக்குப் போனார்கள். லேத்துப் பட்டறை பெரியநாயகம் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு தேஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில வாங்க, புதுசு வெட்டி எல்லாப் பல்லும் முழுசா வச்சுத் தந்திர்றேன்."

"அதே மாதிரி வேணும்" என்றான் இஞ்ஞாசி.

"அதே மாதிரிதான். ஆனா தேயாதது."

"அப்ப அதே மாதிரி இல்லையே" என்றான் சூசை.

பெரியநாயகம் சுத்தியலைக் கீழே வைத்தார். "தம்பி, அந்த ஆறு பல்லும் மழுங்கினதாலதானே ரீல் வழுக்குது?"

"ஆமா."

"நானும் மழுங்க வச்சுக் குடுத்தா?"

வியாகுலம் அண்ணன் குறுக்கே புகுந்தார். "அய்யா, உங்களுக்குத் தண்டல் லாசரத் தெரியாது. கொழும்புக்குப் போனவரு. அதே மாதிரின்னா அதே மாதிரிதான் இருக்கணும். ஒரு நூல் மாறினாலும் கண்டுபிடிச்சிருவாரு. இந்தப் பையனுக்கு ஒரு பொண்ணு கிடைக்கிறது உங்க கையிலதான் இருக்கு."

பெரியநாயகம் இஞ்ஞாசியின் முகத்தைப் பார்த்தார். பையன் அழுதுவிடுவான் போல நின்றான். அவரும் பெண்ணைப் பெற்றவர். "உங்க பாடு" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையை ஒதுக்கி அப்போதே லேத்தை ஓட்டினார். சக்கரம் வெட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. நல்லதாக இருந்த ஆறு பல்லைப் பழசு போலவே அரம் போட்டு மழுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. முப்பது வருசத் தொழிலில் இவ்வளவு நுணுக்கமான வேலை செய்ததில்லை என்று அவரே சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தொம்மைக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. பழைய சக்கரமும் பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று மடியில் இருந்த புளியை எடுத்துப் பளபளவென்று தேய்த்து, புதுசோடு சேர்த்துப் பையில் போட்டான். வீட்டில் வந்து பையைக் கவிழ்த்தால் இரண்டு சக்கரம், இரண்டும் ஒரே மினுக்கம், இரண்டிலும் ஆறு பல் இல்லை.

"எது புதுசு?" என்றான் சூசை.

ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. முகர்ந்து பார்த்தார்கள். கடைசியில் அதற்கும் சீட்டுப் போட்டு ஒன்றைப் புதுசு என்று முடிவு செய்தார்கள். எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது, அவர்கள் மனசு ஒப்ப வேண்டாமா?

வெள்ளிக்கிழமை பங்குகளைச் சேர்த்தார்கள். வியாகுலம் அண்ணன் சொன்னபடி யாரும் தொலைக்கவில்லை. இஞ்ஞாசி கைப்பிடியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியதில் கன்னத்தில் தடம் விழுந்திருந்தது. அவன் பொறுமைசாலி. கையில் மறுபடி பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினான். எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மூன்று இடம் மட்டும் காலி.

"அண்ணே, மூணு குறையுது."

"குறையலலே. கோயில்ல இருக்கு. கோயில்ல இருக்கிறது எப்படிக் காணாமப் போனதாகும்?"

இருந்தாலும் மனசு கேட்காமல் இஞ்ஞாசி உபதேசியார் ததேயுவிடம் போய் நின்றான். கோயில் காரியங்களைப் பார்க்கிறவர் அவர். "உண்டியல்ல போட்டத எடுக்க முடியாதுப்பா" என்றார். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் சப்பரம் சுத்தி வந்த பிறகுதான் பெட்டி தெறப்போம். அப்ப வா." சாயங்காலம் என்றால் மாப்பிள்ளை வீடு வந்து காப்பி குடிக்கிற நேரம். இஞ்ஞாசி வீட்டுக்கு வந்து ரீலின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். முன்னாலும் சுற்றியது, பின்னாலும் சுற்றியது. முன்பு ஒரு பக்கம்தான் சுற்றும். இப்போது இரண்டு பக்கமும் சுற்றுகிறதே, முன்னைவிட நல்லதாகிவிட்டது என்று சூசை தேற்றினான்.

சனிக்கிழமை எண்ணெய். அசைகிற இடத்தில் எல்லாம் ஒரு சொட்டு. வியாகுலம் அண்ணன் வீட்டில் இருந்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயோடு கிளம்பினார்கள். கதவு அசைந்தது, ஒரு சொட்டு. கிணற்று உருளை அசைந்தது, ஒரு சொட்டு. அங்கன்வாடி ஊஞ்சல், அடிபம்பு, உபதேசியாரின் சாய்வு நாற்காலி. தென்னை மரங்கள் அசைந்தன. தொம்மை ஏறி ஏறி ஓலைக்கு ஒரு சொட்டு விட்டான். வாலாட்டிக்கொண்டிருந்த ஆட்டின் வாலுக்கு ஒரு சொட்டு. "நம்ம முட்டியும் அசையுதேலே" என்று சூசை கேட்டான், எட்டு முட்டிக்கும் எட்டுச் சொட்டு. பேசும்போது வியாகுலம் அண்ணனின் தாடை அசைந்தது.

பொழுது சாயும்போது பாத்திரத்தில் ஒரே ஒரு சொட்டு மிச்சம். அதை எடுத்துக்கொண்டு ரீலிடம் வந்தார்கள். ரீல் மேசை மேல் இருந்தது. நான்கு பேரும் குனிந்து கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

"அசையல" என்றான் தொம்மை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார்கள். அசையவே இல்லை. அந்தச் சொட்டை இஞ்ஞாசி தலையில் தேய்த்துக்கொண்டு, மறுநாளுக்கு முடியை வாரி வைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்தது. ஊரே கரைக்கு வந்துவிட்டது. சனி ராத்திரி பஸ்ஸில் திரும்பியிருந்த தண்டல் லாசர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, தூண்டில் கழியில் ரீலைப் பூட்டிக்கொண்டு ஈர மணலில் நின்றார். பக்கத்தில் இஞ்ஞாசி. கொஞ்சம் தள்ளி ரெஜினா, கைக்குட்டையைத் திருகிக்கொண்டு. மூன்று நாளாக அவளுக்கும் சோறு இறங்கவில்லை, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சொன்னபடி செஞ்சியா?" என்றார் லாசர்.

"ஒண்ணு விடாமச் செஞ்சேன் மாமா."

லாசர் வீசினார். இரை போய் விழுந்து இரண்டு நிமிசம் ஆகவில்லை, கழி வளைந்தது. நல்ல பாறை மீன், எட்டுக் கிலோவுக்குக் குறையாது. லாசர் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். கடக். இன்னொரு சுற்று. கடக். மூன்றாவது சுற்றுக்குள் மீன் ஒரு இழுப்பு இழுத்தது. தடுக்கிற கொக்கி சந்தியாகப்பரிடம் இருக்கிறதே, கைப்பிடி பின்னால் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிய வேகத்தில் லாசரின் விரலில் நான்கு அடி, வேட்டி முனை சிக்கி அதுவும் இரண்டு சுற்று சுற்றியது. அவர் வேட்டியைப் பிடிக்கக் கழியை விட்டார். இஞ்ஞாசி பாய்ந்து கழியைப் பிடித்தான். நரம்பு முழுக்க ஓடி, அடியில் லாசர் போட்டிருந்த பழைய முடிச்சில் வந்து டக்கென்று நின்றது.

ரீலில் நரம்பு தீர்ந்தது. மீன் அந்தக் கடைசியில், இஞ்ஞாசி இந்தக் கடைசியில். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பி மணம் இப்போதே மூக்கில் அடித்தது.

லாசர் வேட்டியை இறுக்கிக்கொண்டே கத்தினார். "பாத்துக்கிட்டு நிக்கிறியேலே, இழு. பின்னால நடந்து இழு."

இது நண்டுமுனைக்குத் தெரிந்த வேலை. கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்துகொண்டே போவார்கள். இஞ்ஞாசி கழியை இறுக்கிப் பிடித்தான், தொம்மை அவன் இடுப்பைப் பிடித்தான், தொம்மையை வியாகுலம் அண்ணன், அவரைச் சூசை. "ஏலேலோ" என்று ஒரு குரல் கொடுத்து நான்கு பேரும் பின்னால் நடந்தார்கள். மணலைத் தாண்டினார்கள். கோயில் தெருவுக்குள் போனார்கள். பலகாரக் கடை, ரேஷன் கடை, அங்கன்வாடி எல்லாம் அவர்கள் முன்னால் சின்னதாகிக்கொண்டே போயின. மீனும் ஒவ்வொரு அடியாகக் கரையை நோக்கி வந்தது.

கடைசியில் அலை தூக்கிப் போட, மீன் மணலில் விழுந்து துள்ளியது. சனம் கைதட்டியது. லாசர் கத்தியால் நரம்பை அறுத்து மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கினார். முகம் மட்டும் இறுகியிருந்தது.

"ரீலக் குட்டிச்சுவராக்கிட்டான். சாயங்காலம் வாறவங்களுக்குப் பால் வாங்கி வையி" என்றார்.

ரெஜினா நகரவில்லை. "அப்பா, நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"இந்த ரீல்ல மாட்டின மீனு கரை ஏறணும்னு சொன்னீங்க. எப்படி ஏறணும்னு சொன்னீங்களா?"

லாசர் கையில் தொங்கிய மீனைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். மீன் கரையில்தான் இருந்தது. எத்தனை கொழும்பு பார்த்தால் என்ன, அவரும் நண்டுமுனையில் பிறந்தவர். சொன்ன சொல்லுக்கு மேலே ஒரு சொல்லை அவரால் சேர்க்க முடியவில்லை.

"சொல்லலதான்" என்றார் மெதுவாக. "சரி, மாப்பிள்ளையக் கூப்பிடு."

மாப்பிள்ளையைக் காணோம். பின்னால் நடக்கச் சொன்னாரே ஒழிய நிற்கச் சொல்லவில்லையே. நரம்பு அறுந்ததும் மீன் லேசாகிவிட்டது, நல்லபடியாக வருகிறது என்று நான்கு பேரும் உற்சாகமாக நடந்துகொண்டே போயிருந்தார்கள். ரெஜினா ஒரு ஆட்டோவைப் பிடித்துத் துரத்தினாள். ஊரைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, உப்பளத்துக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டில் பிடித்தாள். பின்னால் ஒரு லாரியும் இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தன.

"போதும். நில்லுங்க" என்றாள்.

நின்றார்கள். நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மீனு கரை ஏறிடிச்சு. அப்பா சரின்னுட்டாங்க. அடுத்த ஞாயிறு முதல் ஓலை."

இஞ்ஞாசி கழியைப் பிடித்தபடியே அழுதான். சிரித்துக்கொண்டும் அழுதான். வியர்வை வழிந்த முகத்தை அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"அப்ப கையை விடலாமா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் சப்பரம் சுற்றி வந்தபின் உண்டியல் திறந்து கொக்கியும் ஸ்பிரிங்கும் திருகாணியும் பத்திரமாகக் கிடைத்தன. மூன்று ஓலையும் வாசித்து, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. தெற்கே இருந்து வந்தவர்கள் நல்ல மனுசர்கள். வந்த அன்று பாறை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் லாசர் ரீலைப் பிரித்தார். கோயில் பங்கை எல்லாம் அவரே மாட்டினார். பிறகு சக்கரங்களைப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மருமகனைக் கூப்பிட்டு ஒரு சக்கரத்தைக் கையில் கொடுத்தார்.

"பட்டறைக்குப் போ. இது மாதிரி இல்லாம ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வா."

நான்கு பேரும் போனார்கள். பெரியநாயகம் சந்தோசமாக எல்லாப் பல்லும் முழுசாக வைத்து ஒரு சக்கரம் வெட்டிக் கொடுத்தார். வியாகுலம் அண்ணன் அதைப் பழசோடு சேர்த்து வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதுவும் வட்டமாக இருக்கிறது, அதுவும் வட்டமாக இருக்கிறது. இரண்டிலும் நடுவில் ஓட்டை. இரண்டிலும் பல். இது மாதிரி இல்லாமல் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லி அனுப்பிய பிறகு இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? பெரியநாயகம் மறுபடி வெட்டினார். ஓட்டை இல்லாமல் வெட்டினார். பல் இல்லாமல் வெட்டினார். வட்டம் இல்லாமல் வெட்டச் சொன்னதும் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு பித்தளையைப் பூட்டினார்.

சாயங்காலம் லாசர் வீட்டு மேசையில் இஞ்ஞாசி அதைப் பெருமையோடு வைத்தான். ஒரு முழ நீளத்துக்கு நல்ல கனத்தில், பித்தளைப் பூரிக்கட்டை.

"நல்லாச் சோதிச்சு வாங்கினோம் மாமா. பழைய சக்கரம் மாதிரி இதுல ஒண்ணுமே கிடையாது."

ரெஜினா அடுக்களை வாசலில் வந்து நின்றவள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள். லாசர் கண்ணாடியை மாட்டினார். கட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பழைய சக்கரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருமகன் சொன்னது உண்மைதான், ஒரு இடத்திலும் ஒற்றுமை இல்லை. பிறகு ரீலின் உடம்பை எடுத்து, கட்டையை அதற்குள் இப்படிச் செருகிப் பார்த்தார், அப்படிச் செருகிப் பார்த்தார், குறுக்காகவும் வைத்துப் பார்த்தார்.

"கட்ட நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ரீல்தான் சின்னதாப் போச்சு. நாளைக்கு இதக் கொண்டுபோயி, கட்ட உள்ள போற அளவுக்குப் பெருசு பண்ணிட்டு வாங்க."